உழாமல் விதைக்கும் யந்திரம் யாருக்காக?

வத்தலக்குண்டு பஸ் நிலையத்தை ஒட்டிய ஒரு டீக்கடையில், சங்கக் கூட்டத்துக்குக் கிளம்புமுன் நாம் உட்கார்ந்திருந்தோம். விருவீட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அமெரிக்காவில் எங்கோ ஒரு மக்காச்சோளக் காடு. கதிர் அறுத்த தட்டை முழங்கால் உயரத்துக்கு அப்படியே கிடக்கிறது. உழவும் இல்லை, பாரும் இல்லை. அதன் மேல் ஒரு ராட்சத யந்திரம் நகர்ந்து போகிறது. இருபத்து நான்கு வரிசை. அறுபது அடி அகலம். பின்னால் திரும்பிப் பார்த்தால் தட்டை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. ஆனால் அடியில் விதை விழுந்து, மூடப்பட்டு விட்டது.

"அண்ணே, இந்த வண்டி நம்ம காட்டுக்கு வந்தா உழவுக் கூலி பூராவும் மிச்சம்ல?" என்று கேட்டார் இளைஞர்.

பக்கத்தில் தூக்குவாளியோடு நின்ற ஒரு தாய், நம் விவசாயத் தொழிலாளர் சங்கத்து உறுப்பினர்தான், எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உழவுக் கூலி ஒனக்கு மிச்சம் தம்பி. களைக்கூலி எனக்குப் போச்சுல்ல? நாங்க எங்கிட்டுப் போறது?"

கூட்டத்தில் அன்று வேறு பிரச்னைகள் பேசப்பட்டன. ஆனால் இந்த இரண்டு கேள்விகளும் நம்மை விடவில்லை. இளைஞரின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தத் தாயின் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேரும் உழைப்பாளிகள். ஒருவருக்கு மூன்று ஏக்கர் குத்தகை, இன்னொருவருக்கு இரண்டு கைகள். இவர்கள் இருவரையும் எதிர் எதிராக நிறுத்துவது எது என்பதைத்தான் இங்கே ஆராய வேண்டும்.

முதலில் அந்த யந்திரத்தைப் புரிந்து கொள்வோம். புரியாத ஒன்றை வாழ்க என்பதும் ஒழிக என்பதும் ஒன்றுதான்.

உழாமல் விதைப்பது என்றால் விதையை மேலே வீசி விடுவதல்ல. யந்திரத்தின் முன்னால் தகடு போன்ற சக்கரம் ஒன்று தட்டையை வெட்டிக்கொண்டு போகிறது. அதன் பின்னால் பல் வைத்த இரண்டு சக்கரங்கள் கிடக்கிற சருகை இரு பக்கமும் ஒதுக்குகின்றன. பிறகு இரட்டைத் தகடு மண்ணில் ஒரு கீறல் போடுகிறது. ஓரிரு அங்குல ஆழம். அந்தக் கீறலுக்குள் விதை ஒவ்வொன்றாக விழுகிறது. பின்னால் வரும் சக்கரங்கள் கீறலை நெருக்கி மூடுகின்றன. உழுத நிலத்தில் ஒரு குழந்தை செய்யக்கூடிய வேலையை, உழாத நிலத்தில் செய்ய இத்தனை உறுப்புகள் வேண்டியிருக்கின்றன.

தட்டை அதிகமாகக் கிடக்கும் நிலத்தில் இந்த வேலை லேசானதல்ல. தகடு மழுங்கிப் போயிருந்தால், அல்லது தட்டை பனியில் நனைந்து துவண்டிருந்தால், அது வெட்டுப்படாது. மடிந்து கீறலுக்குள்ளேயே போய்ச் சொருகிக் கொள்ளும். விதை மண்ணில் படாமல் சருகு மெத்தையில் படுத்திருக்கும். ஈரம் எட்டாது. முளைக்காது. அதனால்தான் அங்கே யந்திரத்தின் ஒவ்வொரு வரிசைக்கும் பல நூறு ராத்தல் அழுத்தம் கொடுக்கிறார்கள். அழுத்தம் கொடுக்க எடை வேண்டும். எடையை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும். பெரிய டிராக்டர் ஈர நிலத்தில் இறங்கினால் அடிமண் இறுகும். இறுகிய அடிமண்ணைத் தளர்த்தக் கலப்பை வேண்டும்! உழக் கூடாது என்று கிளம்பிய பயணம் இப்படியும் சுற்றி வரக்கூடும் என்பதை அந்நாட்டு விவசாயிகளே அறிவார்கள்.

இன்னொரு சங்கதி. மக்காச்சோளத் தட்டையில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து சொற்பம். அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தை எடுத்துக் கொள்கின்றன. இளம் பயிர் மஞ்சளாக நிற்கும். ஆகவே விதைக்கும்போதே விதைக்குப் பக்கத்தில் உரம் வைக்க வேண்டும். அதற்கும் யந்திரத்தில் ஒரு தனி உறுப்பு.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் உழாமல் விதைக்கிறார்கள்? கருணையினால் அல்ல, பயத்தினால். அமெரிக்கச் சமவெளியில் புல்வெளிகளை டிராக்டரால் கிழித்துக் கோதுமை போட்டார்கள். 1930களில் மழை பொய்த்தது. உழுது பொடியாக்கிய மண் காற்றில் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14ஆம் தேதி கிளம்பிய புழுதிப் புயல் பட்டப்பகலை இருட்டாக்கியது. லட்சக்கணக்கான குடும்பங்கள் ஊரைக் காலி செய்தன. அந்த வருஷமே அந்நாட்டு சர்க்கார் மண் பாதுகாப்புக்கென்று ஒரு தனி இலாகாவை ஏற்படுத்தியது. 1943இல் எட்வர்ட் ஃபால்க்னர் என்பவர் கலப்பையே குற்றவாளி என்று ஒரு புத்தகம் எழுதினார். 1962இல் கென்டக்கி மாநிலத்தில் ஹாரி யங் என்ற விவசாயி ஒரு ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் உழாமல் மக்காச்சோளம் விதைத்துக் காட்டினார். பிறகு அது பரவியது.

இதில் உண்மையான பலன் இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. தட்டை மூடிய மண்ணில் வெயில் நேரே படாது, ஈரம் நிற்கும். மழைத்துளி நேரே அடிக்காது, மண் அரிக்காது. மண்புழு பெருகும். டீசல் மிச்சம். ஐந்து கொத்துக் கலப்பை ஒருமுறை, ஒன்பது கொத்து ஒருமுறை, ரோட்டவேட்டர் ஒருமுறை என்று விதைப்புக்கு முன்னாலேயே கையிருப்பைக் கரைத்துவிடும் நம் விவசாயிக்கு இது சின்ன விஷயமா? மலையடிவாரச் செம்மண் நிலத்தில் ஐப்பசியில் ஒரே இரவில் கொட்டும் மழை, உழுது பொடியாக்கிய மேல்மண்ணை ஓடைக்குள் கொண்டு போய்ச் சேர்ப்பதை நாம் வருஷா வருஷம் பார்த்துக் கொண்டுதான் இருக்கிறோம். மஞ்சளாறும் மருதாநதியும் செந்நிறமாக ஓடினால் அது நம் காட்டு மண்தான்.

ஆனால் உழவை நிறுத்தியபோது அவர்கள் களையை என்ன செய்தார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. உழவு என்பது பாதி களையெடுப்பு. கலப்பை போனால் அந்த இடத்துக்கு வேறொன்று வந்தாக வேண்டும். வந்தது விஷம். ஹாரி யங் விதைத்த அதே 1962இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி பாராகுவாட் என்ற களைக்கொல்லியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1974இல் மான்சான்டோ கம்பெனியின் கிளைபோசேட். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அந்த விஷத்தைத் தாங்கும் விதையும் அதே கம்பெனியிடமிருந்து. விஷத்தை விற்றவனே அதைத் தாங்கும் விதையையும் விற்றான். கலப்பையின் இடத்தில் ஏகபோகக் கம்பெனி வந்து உட்கார்ந்த சரித்திரம் இதுதான்.

யந்திரம் பெருத்தது, விவசாயி சிறுத்தான். 1935இல் அமெரிக்காவில் 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. 2022 கணக்கில் 19 லட்சம்தான் மிச்சம். சராசரிப் பண்ணை 463 ஏக்கர். தமிழ்நாட்டில் 2015-16 கணக்கெடுப்பின்படி சராசரிக் கைவசம் 0.75 ஹெக்டேர்; அதாவது இரண்டு ஏக்கர்கூட இல்லை. ஒரு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் சுமார் 209 அடி. அறுபது அடி யந்திரம் அதில் நான்கு முறை போய் வந்தால் வேலை முடிந்தது; ஆனால் திரும்புவதற்குப் பக்கத்துக் காட்டுக்காரரின் வரப்பை அழிக்க வேண்டும், அதற்கடுத்தவரின் தென்னையைச் சாய்க்க வேண்டும். கைப்பேசிப் படத்தைக் காட்டிய தம்பியின் மூன்று ஏக்கரை அது டீ ஆறுவதற்குள் விதைத்து விடும். விலையோ கோடிகளில். அந்த யந்திரம் நம் காட்டுக்கு வராது, வரவும் முடியாது. அதுவரை அந்தத் தாய் கவலையின்றி இருக்கலாம்.

ஆனால் கவலை அத்தோடு முடிந்து விடவில்லை. யந்திரம் வராமலே அதன் பின்னால் வருகிற விஷம் வந்து விட முடியும். வந்தும் இருக்கிறது.

ஆந்திரத்தைப் பாருங்கள். குண்டூர், கிருஷ்ணா ஜில்லாக்களின் டெல்டாப் பகுதியில் நெல் அறுத்த வயலில் உளுந்து போடுவதுதான் வழக்கம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கிருஷ்ணாவில் தண்ணீர் தாமதமாயிற்று, நடவு பிந்தியது, உளுந்தை மஞ்சள் தேமல் நோய் அழித்தது. விவசாயிகள் என்ன செய்தார்கள்? நெல் தாள் நிற்கும் வயலில், உழாமலே, மக்காச்சோளம் ஊன்றினார்கள். ராட்சத யந்திரம் எதுவும் இல்லை. கயிறு கட்டி, குச்சியால் குத்தி, குழிக்கு ஒரு விதை போட்டு மூடுகிறார்கள். இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். உழவுக்காகக் காத்திருந்தால் போய்விடும் ஈரம் பயிருக்குக் கிடைத்தது. மகசூலும் நன்றாகவே வந்தது. நம் நாட்டில், நம் கைகளால், உழாமல் மக்காச்சோளம் விளைவிக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் அங்கேயும் விதைத்தவுடன் தெளிக்கப்படுவது பாராகுவாட்டும் அட்ராசினும்தான். அங்கே சாகுபடி செய்பவர்களில் பெரும்பகுதி குத்தகைக்காரர்கள். உரத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்குகிறவர்கள்.

ஆந்திரம் வரை போவானேன்? நம் காவிரி டெல்டாவில் உழாத சாகுபடி தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தது. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கும் நெல்லுக்குள்ளே உளுந்தையும் பயறையும் தெளித்து விடுவார்கள். நெல்லை அறுத்தெடுக்கும்போது உளுந்து முளைத்து நிற்கும். மீதமுள்ள ஈரத்திலும் பனியிலும் விளைந்து விடும். உழவில்லை, உரமில்லை, செலவென்று சொல்ல அதிகம் இல்லை. கென்டக்கியில் விருது கொடுக்கக்கூடிய விஞ்ஞானம் தஞ்சையில் பெயரில்லாத விவசாயியின் கையில் இருந்தது. அதை எது கெடுத்தது? அறுவடை யந்திரம். டயர் வண்டி இறங்கினால் ஈர வயலில் தடம் பதிந்து முளைத்த உளுந்து நசுங்குகிறது; செயின் வண்டி திரும்பும் இடமெல்லாம் சேறு கிளறப்படுகிறது; வைக்கோல் குவியலாக விழுந்து முளையை மூடுகிறது. கையறுப்புக்கு ஆள் இல்லை என்றார்கள். ஆள் ஏன் இல்லை என்று கேட்டால் கூலி இல்லை என்பது பதில். வெண்மணியில் 1968 டிசம்பரில் 44 உயிர்கள் கூலிக்காகக் கருகிய மண் அது. கூலி உயர்வு கேட்ட கையை ஒதுக்கிவிட்டு யந்திரத்தை இறக்கிய நிலக்காரர்கள், சும்மா கிடைத்த உளுந்தையும் சேர்த்தே இழந்தார்கள். யந்திரம் வேண்டும் வேண்டாம் என்று பேசும்போது இந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை.

சரி, வத்தலக்குண்டுக்குத் திரும்புவோம். இங்கே மஞ்சளாற்றுப் பாசனத்தில் நெல், வாழை, தென்னை, வெற்றிலை, காய்கறி என்று பல பயிர்கள். மக்காச்சோளம் நம் ஜில்லாவில் ஒட்டன்சத்திரம், பழனிப் பக்கம் அதிகம். கிணறு வற்றியவர்களும் மானாவாரிக்காரர்களும் இங்கேயும் போடுகிறார்கள். நாமக்கல், பல்லடம் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனமாகப் போகிறது. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கும் போகிறது.

இங்கே கதிர் ஒடித்த பிறகு தட்டை யாருக்குச் சொந்தம்? இதை எந்த விஞ்ஞானியும் கேட்பதில்லை. அமெரிக்க வயலில் தட்டை என்பது குப்பை. அதை எப்படிச் சமாளிப்பது என்பது அங்கே பிரச்னை. நம் ஊரில் தட்டை என்பது தீவனம். கொஞ்சம் மாட்டுக்கு, மிச்சத்தில் ஊரார் ஆடு மேய்கிறது. நிலமில்லாத குடும்பத்துக்கு நாலு வெள்ளாடு என்பது மகள் கல்யாணம், பையன் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு. "தட்டையை நிலத்திலேயே விடுங்கள், மண் வளரும்" என்று ஒரு திட்டம் வந்தால், முதல் காரியமாகக் காட்டைச் சுற்றிக் கம்பி வேலி வரும். ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவள் திருடி ஆகி விடுவாள். மண்ணுக்கு நல்லது செய்யப் போய் மனிதருக்குக் கெடுதல் செய்த கதை ஆகி விடும்.

அதற்காக எல்லாத் தட்டையையும் மாட்டுக்குப் போட்டு மண்ணை மொட்டையாக விடுவதும் சரியல்ல. நல்ல பாசனத்தில் ஏக்கருக்கு 25, 30 குவிண்டால் கதிர்மணி எடுத்தால், ஏறத்தாழ அதே எடைக்குத் தட்டையும் இருக்கும். மேல்பாதியைத் தீவனத்துக்கு அறுத்துக்கொண்டு அடிப்பாதியை நிலத்தில் விட முடியும். அடித்தட்டை கட்டை, மாடு எப்படியும் முகர்ந்துவிட்டு ஒதுக்கும். ஆடு மேய்ச்சலுக்கு எத்தனை நாள், எந்தக் காடு என்பதை ஊர் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். இது விஞ்ஞானப் பிரச்னை அல்ல, ஊர்ப் பிரச்னை. சங்கம் செய்ய வேண்டிய வேலை.

இதைவிட ஆழமான ஒன்று குத்தகை. உழாமல் விதைத்து, தட்டையை விட்டு வைத்து, மண் பொலபொலப்பாக மாற ஒரு வருஷம் போதாது. முதல் இரண்டு மூன்று வருஷம் மகசூல் சற்றுக் குறையக்கூடச் செய்யும். ஐந்தாறு வருஷத்தில்தான் பலன் தெரியும். வருஷத்துக்கு வருஷம் வாய்மொழிக் குத்தகையில் இருக்கிறவன் யாருக்காக மண்ணை வளர்ப்பான்? வளர்ந்த மண்ணைக் காட்டி "குத்தகையைக் கூட்டு, இல்லையேல் வெளியேறு" என்பார் நிலக்காரர். சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955இல் வந்தது. குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் 1969இல் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. குத்தகை வாயில் இருக்கிறது. நம்மிடம் படம் காட்டிய தம்பியின் மூன்று ஏக்கருக்கும் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பயிர் காப்பீடானாலும் நிவாரணமானாலும் பட்டாக்காரர் பெயருக்கே போகிறது. அவருக்கு மண் வளப் பிரசங்கம் செய்ய எந்த அதிகாரிக்கு முகம் இருக்கிறது? குத்தகையைப் பதிவு செய்யாமல் மண்ணைக் காப்பாற்ற முடியாது என்று நாம் அடித்துச் சொல்வோம். மண் பாதுகாப்பு, குத்தகைப் பாதுகாப்பு இரண்டும் ஒரே கோரிக்கை.

படைப்புழுவையும் சொல்லியாக வேண்டும். 2018இல் கர்நாடகத்தில் தலைகாட்டிய அமெரிக்கப் படைப்புழு, அந்த வருஷமே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் புகுந்து குருத்தைத் தின்று தீர்த்தது. அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள் கிடக்கிறது. ஆகவே கோடையில் ஆழ உழுங்கள், கடைசி உழவில் ஹெக்டேருக்கு 250 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்கள் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. ஒரு கையில் உழாதே என்ற காகிதம், இன்னொரு கையில் ஆழ உழு என்ற காகிதம். விவசாயி எதைப் பிடிப்பான்? ஜிம்பாப்வே நாட்டுச் சிறு விவசாயிகளின் காடுகளில் நடந்து 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உழாத நிலத்தில் படைப்புழுவின் சேதம் குறைவாகவே இருந்தது என்று கண்டது. எறும்பும் சிலந்தியும் வண்டும் அங்கே அதிகம் வாழ்வதால் இருக்கலாம். நம் செம்மண்ணில், நம் கரிசலில், நம் மழையில் எது சரி? ஒவ்வொரு வட்டாரத்திலும் விவசாயிகளின் காட்டிலேயே, நஷ்டம் வந்தால் சர்க்கார் ஈடு தரும் நிபந்தனையோடு, சோதனை செய்து பார்த்துச் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகத்தின் கடமை. மூன்று ஏக்கர்காரன் தன் சோற்றைப் பணயம் வைத்துச் சோதனை செய்ய முடியாது.

இனி அந்தத் தாயின் கேள்வி.

மக்காச்சோளத்தில் இருபதாம் நாளையொட்டி ஒரு களை. நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் இன்னொரு களை. இந்த இரண்டு களையெடுப்பும் பெண்களின் வேலை. குனிந்த முதுகு நிமிராத வேலைதான். அதைப் புனிதமாக்கிப் பாட நாம் தயாரில்லை. ஆனால் அந்தக் கூலி பெண்ணின் கையில் நேராக வருகிற காசு. களைக்கொல்லி வந்தபோது அந்தக் காசு போய், ஓர் ஆண் முதுகில் ஒரு தெளிப்பான் ஏறியது. பத்துப் பெண்களின் இரண்டு நாள் வேலை ஓர் ஆளின் அரைநாள் வேலை ஆயிற்று. அந்த அரைநாளை அவன் எப்படிச் செய்கிறான்? வெறுங்காலோடு, லுங்கியை மடித்துக் கட்டி, மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு.

பாராகுவாட்டுக்கு முறிவு மருந்து கிடையாது. ஒரு மிடறு போதும். நுரையீரல் சுருங்கிப் பல நாள் அணு அணுவாகச் சாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் அதன் அனுமதி ரத்தாயிற்று. அது பிறந்த இங்கிலாந்திலேயே வயலில் தெளிக்க முடியாது. கேரளம் 2011இல் தடை செய்தது. இலங்கை படிப்படியாக ஒழித்துக் கட்டியது. அங்கே விஷம் குடித்துச் சாகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. ஆகவே "களைக்கொல்லி இல்லாமல் உழாச் சாகுபடி முடியாது" என்று கடைக்காரர் சொல்வதை நாம் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. தட்டை நன்றாக மூடிய இடத்தில் களையே பாதியாகக் குறைகிறது. மிஞ்சியதைக் கையால் எடுக்க ஆள் வேண்டும். குறைந்த உழைப்பு, நியாயமான கூலி. இதுதான் நாம் கேட்பது.

யந்திரத்தை எதிர்ப்பதா என்று தோழர்கள் கேட்கலாம். இதில் நமக்கு அனுபவம் உண்டு. எழுபதுகளில் கேரளத்தின் குட்டநாட்டு வயல்களில் டிராக்டரை எதிர்த்து விவசாயத் தொழிலாளர் சங்கம் போராடியது. அன்று அந்தப் போராட்டத்தில் நியாயம் இருந்தது. வேலை இழந்தவனுக்கு வேறு வேலை இல்லை. ஆனால் யந்திரத்தை நிரந்தரமாக வரப்புக்கு வெளியே நிறுத்த முடியவில்லை. பிந்தி வந்த தலைமுறை அதே யந்திரத்தை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. யந்திரத்தோடு சண்டை போடுவதில் செலவழித்த சக்தியில் ஒரு பகுதியை யந்திரத்தைக் கைப்பற்றுவதில் செலவழித்திருக்கலாமோ என்று இன்று யோசிக்கிறோம். இது நம் இயக்கத்தைக் குறை சொல்வதற்காக அல்ல. 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் நடுவே நின்று முழங்கிய சுப்பிரமணிய சிவா 1884இல் பிறந்தது இந்த வத்தலக்குண்டில்தான். அந்தத் தொழிலாளர்கள் நூல் நூற்கும் யந்திரத்தை உடைக்கப் புறப்படவில்லை. கூலியும் ஓய்வும் கேட்டார்கள்.

யந்திரமும் ஒரே உருவில் வருவதில்லை. பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற பெரிய விவசாயி 1972இல் உழாச் சாகுபடியை டிராக்டரோடு தொடங்கினார். பின்னால் அதே மாநிலத்தின் சிறு விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையால் குத்தி விதைக்கும் "மட்ராகா" என்ற ஊன்றுகருவியைக் கையில் எடுத்தார்கள். நின்றுகொண்டே, குனியாமல், தட்டைக்குள் குத்தினால் விதையும் உரமும் ஒன்றாக விழும். மாடு இழுக்கும் கத்தி உருளையால் மூடுபயிரை மடக்கிப் போட்டார்கள். அந்தச் சர்க்காரின் ஆராய்ச்சி நிலையம் மாடு இழுக்கும் விதைப்பானை உருவாக்கிக் கொடுத்தது. விஞ்ஞானத்தை யாருக்காக ஏவுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நம் நாட்டிலேயே பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் சேர்ந்து, நெல் வைக்கோலுக்குள் கோதுமை விதைக்கும் "ஹாப்பி சீடர்" என்ற கருவியை 2001 முதல் பல வருஷம் உழைத்து உருவாக்கினார்கள். சாதாரண டிராக்டரில் மாட்டி இழுக்கலாம். வைக்கோலைக் கொளுத்துவதால் டில்லிக்கு மூச்சு முட்டியபோது, 2018இல் மத்திய சர்க்கார் தனி விவசாயிக்கு 50 சதவீதமும் கூட்டுறவுகளுக்கு 80 சதவீதமும் மானியம் கொடுத்தது. டில்லிக்காரர் இருமினால் மானியம் வரும். விருவீட்டு மண் கரைந்தால் வராது! இருந்தாலும் அந்த 80 சதவீதத்தை நாம் குறித்து வைத்துக் கொள்வோம். கூட்டுறவுக்கு அவ்வளவு கொடுக்க முடியும் என்பது ரிக்கார்டில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறை இ-வாடகைத் திட்டத்தில் யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் விதைப்புப் பருவத்தில் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வேண்டும். மழை பெய்த மூன்றாம் நாள் வராத யந்திரம் முப்பதாம் நாள் வந்து என்ன பயன்? ஆகவே நமது கோரிக்கை, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒவ்வொன்றிலும் உழாமல் விதைக்கும் சிறு கருவி இரண்டாவது இருக்க வேண்டும் என்பது. நான்கு வரிசை போதும். அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் நிலமில்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தர வேண்டும், குறிப்பாகப் பெண்களுக்கு. பார் உள்ள காட்டுக்கும் சிறு துண்டுக்கும் ஊன்றுகருவி, அதைப் பிடிக்கும் கைக்குக் களைக்கூலிக்குக் குறையாத கூலி. பாராகுவாட்டை நம் ஜில்லாவில் எந்தக் கடையிலும் விற்கக் கூடாது. குத்தகைப் பதிவுக்குத் தாலுகா தாலுகாவாக முகாம். இந்தக் கோரிக்கைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டால் அது பெரிய நிலக்காரருக்கே லாபமாக முடியும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய சர்க்கார் மக்காச்சோளத்துக்கு 2025-26இல் அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். நெல்லுக்கு இருப்பது போன்ற நேரடிக் கொள்முதல் நிலைய ஏற்பாடு மக்காச்சோளத்துக்கு இல்லை. வியாபாரி ஈரம் என்று சொல்லிக் கழிப்பார். தூசி என்று சொல்லிக் கழிப்பார். இதற்கிடையே 2025 செப்டம்பரில் அமெரிக்க வணிக அமைச்சர் ஹோவர்ட் லுட்னிக், நூற்று நாற்பது கோடி மக்கள் உள்ள இந்தியா தங்கள் மக்காச்சோளத்தில் ஒரு மரக்கால்கூட வாங்க மறுக்கிறதே என்று அங்கலாய்த்தார். அவர் விற்க நினைப்பது எது தெரிகிறதா? டீக்கடையில் நாம் பார்த்தோமே, அந்த அறுபது அடி யந்திரம் விதைத்த மக்காச்சோளம்தான். யந்திரம் வர முடியாத நம் காட்டுக்கு அதன் விளைச்சல் கப்பலேறி வந்து விலையைச் சாய்க்கும். உழவுக் கூலியில் மிச்சம் பிடித்த நானூறு ஐந்நூறு அப்போது எந்த மூலைக்கு?

கூட்டம் முடிந்து திரும்பும் வழியில் அதே தாயைப் பார்த்தோம். ஊன்றுகருவியைப் பற்றிச் சொன்னோம். குனிய வேண்டாம், நின்றுகொண்டே குத்தலாம் என்றோம். முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டுக் கொண்டார். பிறகு கேட்டார்: "அது சரி தோழர், அதைப் பிடிக்கிறதுக்கு நாள் கூலியா, ஏக்கர் கணக்கா? ஏக்கர் கணக்குன்னா எங்களுக்குக் கட்டுபடியாகாது. இப்பவே பேசிப்புடுங்க."

படம் காட்டிய தம்பியும் கூடவே நின்றார். அவர் ஏக்கர் கணக்குத்தான் என்றார். இருவரையும் உட்கார வைத்துப் பேசத் தொடங்கியிருக்கிறோம். புரட்டாசி மழைக்கு முன் பேசி முடிக்க வேண்டும்.